பின்னால் வருகிறவர்

குழந்தைகள் காப்பகத்தைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்ட பிறகுதான், இன்றைக்கு வண்டி வராது என்பது தபித்தாளுக்கு முழுதாக உறைத்தது. காலையிலேயே தெரிந்த விஷயம்தான். அவள் கணவர் சாமிதாஸ், நீலக்கொம்பு எஸ்டேட் சபையின் உபதேசியார், சுற்றுவட்டாரச் சபைகளின் சேகரக் கூட்டத்துக்காக டவுனுக்குப் போயிருந்தார். திரும்பி வர ஏழு ஆகும். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது, "ஜெபம் பண்ணிட்டு நட, ஒண்ணும் ஆகாது" என்றார். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவதும் நம்புவதும் ஒன்றுதான் என்று இருபது வருஷமாக அந்த வீட்டில் இருவருமே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மணி நாலு பத்து. மேட்டிலிருந்து மஞ்சு, அந்த மலையின் மூடுபனி, இறங்கிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், வீட்டுக்காரன் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல. முதலில் எடைக் கொட்டகையின் தகரக் கூரை போயிற்று, பிறகு அதற்குக் கீழே நின்ற நிழல் மரங்கள் ஒவ்வொன்றாக. ஐந்து மணிக்குக் கொழுந்து எடை போட்டு முடித்துப் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். அவர்களோடு போகலாம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள், பதினோரு வாரமாக. ஆனால் அந்தக் கூட்டத்தில் லீதியாள் இருப்பாள். லீதியாளுக்குப் பக்கத்தில் இருபத்தைந்து நிமிஷம் நடப்பதா, தனியாக நடப்பதா என்று தனக்குள் கேட்டுக்கொண்டபோது தபித்தாளின் கால்கள் ஏற்கெனவே ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிட்டிருந்தன. பதினோரு வாரத்தில் இந்தப் பாதையில் அவள் வைக்கும் முதல் அடிகள் அவை.

பாதை தேயிலைத் தூர்களுக்கு நடுவே இறங்கி, ஓடைப் பாலத்தைத் தாண்டி, ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு ஏறும். ஸ்கூட்டரில் வருகிறவர்கள் தார் ரோட்டைச் சுற்றிப் போவார்கள். அதில் போனால் பாறையைப் பார்க்க வேண்டியதில்லை. தூர்கள் இடுப்புயரம், ஈரம், ஒன்றோடொன்று நெருக்கி நின்றன. ஒரு ஆள் குனிந்தால் தெரியாது. ஆள் என்ன ஆள், எது குனிந்தாலும் தெரியாது. வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்து ஒரு சிறுத்தையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லாரியில் ஏற்றும்போது எஸ்டேட்டே போய்ப் பார்த்தது, அவளும் போனாள். கம்பிக்குள் அது கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தது, வயதான மாதிரி, நோய்ப்பட்ட மாதிரி. அதுதானா இது என்று ஒரு பெண் கேட்டாள். யாருக்கும் பதில் தெரியவில்லை. ஏதோ ஒன்றைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். தபித்தாள் நடையை எட்டிப் போட்டாள். எட்டிப் போட்டால் பயந்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றவும் மெதுவாக்கினாள். யாருக்குப் பயந்த மாதிரி ஆகிவிடும், பார்க்க யார் இருக்கிறார்கள். ஜெபம் பண்ண வேண்டும். ஆண்டவரே என்று ஆரம்பித்தாள், அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வந்தது ஜெனிஷாவின் முட்டி. ஏழு வயசு முட்டி, தோல் உரிந்து, மண் ஒட்டி, ரத்தம் புள்ளி புள்ளியாக.

அந்த முட்டிக்குத் தேங்காய் எண்ணெய் தடவியது அவள்தான். லீதியாளின் மகள் ஜெனிஷா இந்தப் பாதையில் பின்பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவாள், சில நாள் முழுக்கப் பின்னோக்கியே நடப்பாள், அப்படி ஒரு நாள் விழுந்தாள். ஏன் இப்படி நடக்குற என்று கேட்டதற்கு, பின்னால என்ன வருதுன்னு தெரியணும்ல டீச்சர் என்றாள். ஞாயிறு வகுப்பில் அந்த வாரம் தபித்தாள் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு வாக்குத்தத்தம். ஜனங்களுக்கு முன்னால் போகிறவரும் அவரே, கடைசி ஆளுக்குப் பின்னால் காவலாக வருகிறவரும் அவரே என்பது அதன் சாரம். பிள்ளைகளுக்காக அதைச் சுருக்கி, கையை முன்னே நீட்டி, பிறகு தோளுக்குமேல் பின்னே காட்டி, சைகையோடு பழக்கியிருந்தாள். எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள், பின்னால இயேசப்பா வர்றாருன்னு படிச்சோம்ல, அப்புறம் எதுக்குத் திரும்பிப் பாக்குற, நம்புனா திரும்பிப் பாக்க மாட்டோம். எவ்வளவு லேசாகச் சொன்னாள். எண்ணெய்க் கிண்ணத்தை மூடிக்கொண்டே, அடுப்பில் பால் பொங்குகிறதா என்று ஒரு காதை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே. முன்னால் போகிறார், பின்னால் வருகிறார் என்பது வேதத்தில் இருக்கிறது. நம்புனா திரும்பிப் பாக்க மாட்டோம் என்பது வேதத்தில் எங்கும் இல்லை. பதினோரு வாரமாக அவள் தேடிப் பார்த்துவிட்டாள், அந்தப் பக்கத்திலும் அதற்கு முன்னும் பின்னும், எங்காவது இருந்துவிடாதா என்று. இல்லை. அந்த ஒரு வரி அவளுடையது.

ஓடைச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கூடவே இன்னொரு சத்தம். சர், சர் என்று ஏதோ உரசுகிற மாதிரி, பின்னால், கொஞ்ச தூரத்தில். தபித்தாள் நின்றாள். சத்தமும் நின்றது. ஓடைதான், ஈரக் காற்றுதான், கைப்பை புடவையில் உரசுவதுதான் என்று கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பத்து அடி எதுவும் இல்லை. பிறகு சர், சர். சிறுத்தை சத்தம் போடாது. அது அவளுக்குத் தெரியும், இந்த மலையில் பிறந்த பச்சைப் பிள்ளைக்கும் தெரியும், அது வருவது வந்த பிறகுதான் தெரியும். அப்படியானால் சத்தம் கேட்பது நல்லது. கேட்கிறவரை அது இல்லை. கேட்கிறவரை அது இல்லை என்று அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே பாலத்தைக் கடந்தவள், பாலத்தின் மறுமுனையில் மெல்லத் திகைத்தாள். அது இல்லையென்றால் இது எது. சின்னக் காலா, பெரிய காலா. பள்ளிக்கூட ஷூ ஈரத்தில் இழுபடும்போது இப்படித்தான் கேட்கும். சே என்று தலையை உதறினாள். திரும்பிப் பார்த்தால் முடிந்துபோகும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். ஆனால் கழுத்து அவளுடையதாக இல்லை. திரும்பிப் பார்த்தால், ஏழு வயசுப் பிள்ளையிடம் சொன்னதை நாற்பத்து நாலு வயசில் நானே நம்பவில்லை என்று ஆகும். திரும்பிப் பார்க்காவிட்டால், இன்னும் அந்தப் பொய்யை இழுத்துக்கொண்டே போகிறேன் என்று ஆகும். எதைச் செய்தாலும் ஜெனிஷாவுக்கு எதிராகச் செய்கிற மாதிரி இருந்தது. மஞ்சு இப்போது பாதையிலேயே வந்து நின்றது. முன்னால் ஏழெட்டு அடிக்கு மேல் ஒன்றும் இல்லை.

ரூபிணி மட்டும்தான் பார்த்தவள். லீதியாளின் அக்கா மகள், ஒன்பது வயசு. சிறுவர் ஞாயிறு நிகழ்ச்சிக்கு ஒத்திகை முடிய அன்றைக்கு நாலே முக்கால் ஆகிவிட்டது. இரண்டு பிள்ளைகளையும் தபித்தாள் காப்பக வாசலில் நின்று அனுப்பினாள், வளைவு வரை பார்த்தாள், உள்ளே போய் நட்சத்திரம் ஒட்டிய அட்டைகளை அடுக்கினாள். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்திருக்க வேண்டும். எத்தனையாவது அட்டையில் என்று ராத்திரிகளில் கணக்குப் போட்டிருக்கிறாள். மறுநாள் போலீஸ்காரம்மா ரூபிணியை மடியில் உட்கார்த்திக் கேட்டார். பின்னால ஏதோ வந்துச்சு, நான் திரும்பிப் பாத்தேன், பாறைக்கு அந்தப் பக்கம் ஓடிட்டேன், ஜெனிஷா திரும்பிப் பாக்கல, பாக்கக்கூடாதுன்னு சொன்னா, நேரா நடந்தா. யாரு பாக்கக்கூடாதுன்னு சொன்னது என்று போலீஸ்காரம்மா கேட்டார். ரூபிணி கூட்டத்துக்குள் தபித்தாளைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். குழந்தை பார்த்தது, அவ்வளவுதான், சொல்லவில்லை. தபித்தாள் குனிந்து தன் செருப்பின் வாரைச் சரி செய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. அந்த வாரின் பித்தளைப் பொத்தான் அவளுக்கு இப்போதும் கண்ணுக்குள் நின்றது, நடக்க நடக்க, ஒவ்வொரு அடிக்கும். அடக்க ஆராதனையில் சாமிதாஸ் ஆறுதல் வசனங்கள் வாசித்தார், குரல் உடையாமல் வாசித்தார், எல்லோரும் ஆமென் சொன்னார்கள், அவளும் சொன்னாள். லீதியாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. குழிக்குள் பார்க்கவுமில்லை. எல்லோருக்கும் பின்னால், கடைசியில் நின்றுகொண்டிருந்தாள்.

சர், சர். இப்போது இன்னும் கிட்டத்தில். தபித்தாளுக்கு வேறொரு எண்ணம் வந்தது. அது வரக்கூடாது என்று பதினோரு வாரமாக அவள் கதவடைத்து வைத்திருந்த எண்ணம். வாக்கு உண்மையாக இருந்தால். பின்னால் வருகிறவர் நிஜமாகவே வருகிறவராக இருந்தால். அப்படியென்றால் அன்றைக்கும் வந்திருக்கிறார். ஜெனிஷாவுக்கும் தூர்களுக்கும் நடுவே, கை எட்டுகிற தூரத்தில், வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதோ இப்போதும் வருகிறார், நான் நின்றால் நிற்கிறார், நடந்தால் நடக்கிறார், பேசுவதில்லை. முதுகுத்தண்டில் மேலிருந்து கீழாக ஒரு ஈரம் இறங்கிற்று. யாரும் வரவில்லை என்பதைவிட இது பயமாக இருந்தது. யாரும் வரவில்லை என்றால் வெறும் காடு, வெறும் மஞ்சு, வெறும் பசித்த மிருகம், அழுது முடித்துவிடலாம். ஒருவர் வருகிறார் என்றால், வந்தும் அது நடந்தது என்றால், அவர் முகம் எப்படி இருக்கும். அந்த முகத்தைத் திரும்பிப் பார்க்க யாரால் முடியும். சின்ன வயசிலிருந்து அவள் பாடிய ஒவ்வொரு பாட்டும் அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டது. இப்போது ஐந்தாறு அடி பின்னால் அது இருக்கிறது, அவள் கழுத்தை இரும்பாக்கிக்கொண்டு ஓடாத குறையாக நடக்கிறாள். ஆண்டவரே, நீர்தானா என்று கேட்க வாயெடுத்தாள். ஆம் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். உப்புக் கரித்தது. பாறை வந்துவிட்டது. மஞ்சுக்குள் அது பாறை மாதிரி இல்லை, குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மாதிரி இருந்தது. இங்கேதான். இந்த இரண்டாவது வரிசைத் தூருக்குள்தான். கால் நின்றுவிட்டது. பின்னால் சத்தம் நிற்கவில்லை. சர், சர், சர். கிட்டே வந்து, தோளுக்குப் பின்னால் வந்து, மூச்சு விட்டது.

"டீச்சர்."

தபித்தாள் கத்தவில்லை. கத்துவதற்கான மூச்சு இல்லை. பாறையில் கையை ஊன்றிக்கொண்டாள். திரும்பாமலே குரல் யாருடையது என்று தெரிந்தது, தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் அவளால் திரும்ப முடியவில்லை. திரும்பியபோது லீதியாள் நின்றுகொண்டிருந்தாள், தலையில் மழைக்கு மடித்துப் போட்ட பிளாஸ்டிக் கொங்காணி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் தார்ப்பாயைக்கூட அவிழ்க்காமல். நடந்தால் அதுதான் பூட்ஸில் உரசிச் சத்தம் போடும். முப்பது வயசுக்காரி, பதினோரு வாரத்தில் கன்னம் உள்ளே போயிருந்தது.

"மேட்டுல மஞ்சு கொஞ்சம் விலகுனப்ப பாத்தேன். தனியா இறங்குனீங்க. எடைக்கு நிக்காம வந்துட்டேன்."

"கூப்பிட்டிருக்கலாமே லீதியா."

"கூப்பிட்டா நீங்க வேகமா போயிருவீங்க."

அது உண்மை. லீதியாள் பாறையைப் பார்க்கவில்லை, தூரைப் பார்க்கவில்லை, வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் எல்லாருக்கும் பின்னாலதான் வருவேன். கடைசியா. யாராச்சும் தனியா போனா அவங்க பின்னால போவேன். பயந்துருவாங்கன்னு பேச மாட்டேன். அன்னிக்கு நான் எடைக்கு நின்னுட்டேன் டீச்சர். வரிசையில எனக்கு முன்னால நாலே பேரு."

தபித்தாளின் கண் தானாகவே செருப்பு வாரின் அந்தப் பித்தளைப் பொத்தானுக்குக் குனிந்தது, நிமிர்த்திக்கொண்டாள். இப்போது சொல்லாவிட்டால் இனி ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. சொல்லும்போது குரல் வேறு யாருடையதோ மாதிரி வெளியே வந்தது.

"திரும்பிப் பாக்க வேண்டாம்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்தது நான்தான் லீதியா. வேதத்துல அப்படி இல்ல. நானா சொன்னது."

"தெரியும்."

மஞ்சு இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து போயிற்று.

"அன்னிக்கு ராத்திரியே ரூபிணி சொல்லிட்டா. ஒரு வாரம் உங்களக் கொன்னுரணும்னு இருந்தேன். கொழுந்துக் கத்தியக் கழுவி வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கேன், ரெண்டு தடவ." அவள் அதை வெயில், மழை சொல்கிற மாதிரி சொன்னாள். "அப்புறம் வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. அதக் கேக்கத்தான் உங்கள விடாம பாத்துக்கிட்டிருக்கேன். நீங்க வண்டியில போயிருவீங்க."

"கேளு."

"திரும்பிப் பாக்காமலே போனான்னு சொல்றாளே ரூபிணி. அப்படின்னா பயமில்லாமப் போனான்னு அர்த்தமா டீச்சர்? நம்பிக்கிட்டுப் போனாளா? கடைசி வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் தெரியாதா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டியதுதான். ஆமாம், அவள் நம்பிக்கையோடு போனாள், பயமே இல்லை. ஒரு வார்த்தை. இருபது வருஷமாக எத்தனை துக்க வீடுகளில் எத்தனை லேசாக வந்த வார்த்தை. லீதியாள் அந்த வார்த்தைக்காக இத்தனை வாரம் காத்திருந்திருக்கிறாள். தபித்தாள் வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் அது இருந்தது, தேங்காய் எண்ணெய் மாதிரி, தடவினால் எரிச்சல் அடங்கும். அப்போது தன் கழுத்து வலிப்பது தெரிந்தது. காப்பகத்திலிருந்து இங்கு வரை இரும்பாக்கிக்கொண்டு வந்த கழுத்து.

"தெரியல லீதியா" என்றாள். "நானும் இப்ப திரும்பிப் பாக்காமத்தான் வந்தேன். உன் சத்தம் கேட்டுச்சு, அப்பவும் திரும்பல. ஆனா பயம் இருந்துச்சு. உயிர் போற பயம்."

லீதியாள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கொங்காணியின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப அவளுக்கும் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"பயத்தோடயேதான் நடந்திருக்கா."

"ஆமா."

"ஏழு வயசுல" என்றாள் லீதியாள். பிறகு அங்கேயே, ஈரப் பாதையில், குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். அடக்க ஆராதனையில் அழாத அழுகை, பெரிய சத்தமில்லாத, வயிற்றிலிருந்து குலுங்குகிற அழுகை. தபித்தாள் அவளைத் தொடவில்லை. தொடுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, தானும் உட்கார்ந்தாள். புடவை நனைந்தது. இங்கே உட்காரக்கூடாது, குனிந்து உட்காரவே கூடாது என்று வனத்துறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். அது நினைவிருந்தும் இருவரும் எழவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூர்களுக்குள் ஒரு இலைகூட அசையவில்லை, ஓடைச் சத்தம்கூட எங்கோ விலகிப்போன மாதிரி இருந்தது. மலை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இவர்களைக் கேட்டுக்கொண்டிருந்த மாதிரி.

லீதியாள்தான் முதலில் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க முன்னால நடங்க டீச்சர். நான் பின்னால வர்றேன்."

"உனக்குப் பின்னால?"

"எனக்கு யாரும் வேணாம். எனக்கு என்ன இருக்கு."

தபித்தாள் பாதையின் ஓரம் ஒதுங்கி நின்றாள். "நீ முன்னால போ" என்றாள். லீதியாள் புரியாமல் பார்த்தாள். "போ லீதியா. இன்னைக்கு நான் கடைசியா வர்றேன்." வேண்டாம் டீச்சர், உங்களுக்குப் பழக்கமில்லை என்று லீதியாள் என்னவோ முணுமுணுத்தாள், பிறகு, எதிர்த்துப் பேசத் தெம்பில்லாதவளாக, ஏற்றத்தில் நடக்க ஆரம்பித்தாள். சர், சர் என்று அவள் தார்ப்பாய் முன்னால் போயிற்று. அந்தச் சத்தத்தில் இப்போது பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதுகு திறந்துவிட்டது. பாறையைக் கடந்த அடியிலேயே தபித்தாளுக்கு அது தெரிந்தது, கதவில்லாத வீடு மாதிரி, முதுகு முழுக்கத் திறந்து கிடந்தது. இனி அவளுக்குப் பின்னால் மனுஷர் யாரும் இல்லை. கடைசி ஆள். கடைசி ஆளுக்குப் பின்னால் என்று எத்தனை தடவை அவள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பாள். தான் ஒருநாளும் அந்த இடத்தில் நின்றதில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. எப்போதும் அவளுக்குப் பின்னால் யாராவது இருந்தார்கள், ஒரு கூட்டம், ஒரு கணவர், ஒரு ஸ்கூட்டரின் பின்விளக்கு.

பத்து அடி போனாள். நின்றாள். திரும்பினாள். கழுத்தை மட்டுமல்ல, உடம்பு முழுதையும் திருப்பி, கண்ணை இமைக்காமல் பார்த்தாள். பாதை கொஞ்ச தூரம் தெரிந்தது, அதற்கப்புறம் மஞ்சு, நேராக, சுவர் மாதிரி. யாரும் இல்லை. எந்த முகமும் இல்லை. இருக்கிறீரா என்று அவள் கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது, நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன், திரும்பிப் பாருங்கள், நம்பிக்கொண்டே திரும்பிப் பாருங்கள். ரூபிணியைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு சொல்ல வேண்டும். வாக்கு அதனால் கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னும் பத்து அடி. மறுபடி திரும்பினாள். மஞ்சுச் சுவர் அதே தூரத்தில் நின்றது. அவள் பத்து அடி ஏறியிருந்தாள், அதுவும் பத்து அடி ஏறியிருந்தது. பாறை அதற்குள் போய்விட்டிருந்தது. மூன்றாம் தடவை பார்த்தபோதும் அதே தூரம்தான், கிட்டே வரவுமில்லை, விட்டுப் போகவுமில்லை. மயிர்க்கால்கள் குத்திட்டன. அது மஞ்சுதான், மஞ்சு அப்படித்தான் ஏறும், இந்த மலையில் பிறந்த யாருக்கும் தெரியும். தெரிந்தும் அவளால் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

மேலே லைன் வீடுகளில் விளக்குகள் தெரிந்தன. யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. லீதியாள் ஏற்றத்தில் நின்று, பின்னால் காலடி வரவில்லையே என்று காது கொடுத்தாள்.

"என்ன டீச்சர்? ஏதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல" என்றாள் தபித்தாள், மஞ்சைப் பார்த்தபடியே. "நீ நட லீதியா. நான் பாத்துக்கிட்டே வர்றேன்."